இன்னிக்கு மட்டும்... வேணாம் மச்சி!

'இன்னிக்கு மட்டும்தான் மச்சி... நாளையிலேர்ந்து தொடவே மாட்டேன். சத்தியமா!'

இந்த டயலாக்கை எத்தனை முறை கேட்டிருப்பீங்க? ஹாஸ்டல் மொட்டை மாடியில், செமஸ்டர் முடிஞ்ச ராத்திரியில், லவ் ஃபெயிலியரான ஃப்ரெண்டைத் தேற்றப் போன இடத்தில், அண்ணன் கல்யாணத்து லாட்ஜ் ரூமில்... ஒருவேளை சொன்னதே நீங்களாகக்கூட இருக்கலாம். நோ டென்ஷன். இங்கே யாரையும் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்கவைக்கப் போவதில்லை.

மேட்டர் இதுதான். குடிப்பவர் தினமும் சொல்கிற இதே 'இன்னிக்கு மட்டும்'தான், உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேரைக் குடியிலிருந்து வெளியே இழுத்தும் வந்திருக்கிறது! ஒரே சொல், போதைக்கும் அதுதான் சாவி, விடுதலைக்கும் அதுதான் சாவி. இந்த மேஜிக் எங்கே ஆரம்பித்தது என்று தேடினால், ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் சர்ச், நடுவில் இரண்டு குடிகாரர்கள்! நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி, கடவுளே இல்லை என்கிற கட்சியாக இருந்தாலும் சரி... இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது. ஏன்னா, இது நம்ம ரூம்மேட்டின் உயிர் விஷயம்.

பாவமா... வியாதியா?

முதலில் கொஞ்சம் சயின்ஸ். ஆரம்பத்தில் ஒரு பீரில் கிடைத்த கிக், கொஞ்ச நாளில் மூன்று பீர் அடித்தால்தான் வரும். அப்புறம் கிக்குக்காகக் குடிப்பது போய், கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கவேண்டி வரும். மூளையில் டோபமின் என்றொரு ரசாயனம் இருக்கிறது. 'இது நல்லா இருக்கு, திரும்பச் செய்' என்று நம்மை உசுப்பிவிடுவது அதன் வேலை. சரக்கு, கஞ்சா, மாத்திரை, சூதாட்டம் எல்லாமே அந்த ஸ்விட்சைத்தான் ஓயாமல் தட்டுகின்றன. 'போதும்டா, நிறுத்து' என்று பிரேக் போடவேண்டிய மூளையின் முன்பகுதி முழுசாக முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகும். அதாவது, காலேஜ் வயசில் நம் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் புதுசு, பிரேக் இன்னும் ஃபிட்டிங்கில் இருக்கிறது! குடித்த எல்லோரும் அடிமையாகிவிடுவதில்லைதான். ஆனால், யார் ஆவார் என்று முதல் கிளாஸைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சரி, கிறிஸ்தவம் என்ன சொல்கிறது? 'குடி பாவம், நரகம் நிச்சயம்', அவ்வளவுதானே என்று நினைப்போம். அதுதான் இல்லை. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 7-வது அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். தான் நினைப்பது ஒன்று, செய்வது வேறொன்றாக இருக்கிறதே என்று அவ்வளவு பெரிய அப்போஸ்தலரே புலம்புகிறார். 'மனசு வெச்சா முடியாதா?' என்று நாம் ஈஸியாகக் கேட்டுவிடுகிறோமே... மனசு வைத்தும் முடியாத ஓர் இடம் இருக்கிறது என்று சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்ட வாக்குமூலம் அது.

அடுத்தவர் புனித அகஸ்டின். கி.பி. 354-ல், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். செம பிரில்லியண்ட் வாத்தியார். அவருடைய பிரச்னை குடி அல்ல, உடல் ஆசை. 'ஒப்புதல்கள்' என்ற தன் வரலாற்றில், பழக்கத்தை ஒரு சங்கிலியாகப் பார்க்கிறார். ஆசைக்கு இடம் கொடுத்தால் அது பழக்கம். பழக்கத்தைத் தடுக்காமல் விட்டால் அதுவே கட்டாயம். அந்தச் சங்கிலியை வெளியாள் வந்து மாட்டவில்லை. நாமே ஒவ்வொரு வளையமாகக் கோத்தது! தன்னைத் திருத்தும்படி கடவுளிடம் கேட்டுக்கொண்டே, 'ஆனா இப்ப வேணாம்' என்கிற ரேஞ்சில் டைம் கேட்டதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நம்ம 'நாளையிலேர்ந்து' கோஷ்டிக்கு அவர்தான் தாத்தா!

ஆக, பாவமா வியாதியா என்ற பட்டிமன்றத்துக்குக் கிறிஸ்தவப் பார்வையில் கிடைக்கிற நியாயமான தீர்ப்பு இதுதான்... முதல் கிளாஸில் நம் பொறுப்பு உண்டு. ஆனால், மாட்டிக்கொண்டவன் எழுந்து வர, திட்டு மட்டும் பத்தாது, கை வேண்டும்.

ஆக்ரனில் ஒரு போன் கால்

1935, மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டயர் கம்பெனிகளுக்குப் பேர்போன ஆக்ரன் நகரம். மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில் பில் வில்சன் தனியாக நடந்துகொண்டிருக்கிறார். நியூயார்க்கின் பங்குச்சந்தை ஆசாமி. குடியால் வேலை போய், மானம் போய், 1934 டிசம்பரில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அங்கே, 'கடவுள்னு ஒருத்தர் இருந்தா காட்டிக்கட்டும்' என்று கதறியபோது அறையே வெளிச்சமானதாக உணர்ந்தார். அதிலிருந்து ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை. ஆக்ரனுக்கு வந்த பிசினஸ் டீல் இப்போது ஊத்திக்கொண்டது. பாக்கெட்டில் சொற்பக் காசு. லாபியின் ஒரு பக்கம் பார்... சிரிப்புச் சத்தம், கிளாஸ் சத்தம். இன்னொரு பக்கம் போன் பூத். பக்கத்திலேயே ஊரில் உள்ள சர்ச்சுகளின் பட்டியல்.

பில் போனை எடுத்தார். ஒரு பாதிரியாரைப் பிடித்தார். உபதேசம் கேட்பதற்கா? இல்லை. பேசுவதற்கு ஊரில் இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்!

அங்கே தொட்டு, இங்கே தொட்டு, ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி மூலமாக டாக்டர் பாப் ஸ்மித்திடம் போய்ச் சேர்ந்தார். பாப் ஒரு சர்ஜன். ஆபரேஷன் செய்கிற கை நடுங்கும் அளவுக்குக் குடி. இதில் முக்கியமான பாயின்ட்... பாப் ஏற்கெனவே பக்திமான்! 'ஆக்ஸ்ஃபோர்டு குரூப்' என்ற கிறிஸ்தவக் குழுவின் கூட்டங்களுக்கு இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் போய்க்கொண்டிருந்தவர். ஜெபம் உண்டு, பைபிள் உண்டு, கூடவே பாட்டிலும் உண்டு.

'15 நிமிஷம்தான் டைம்' என்று கண்டிஷன் போட்டு வந்த பாப், பில்லோடு மணிக்கணக்கில் பேசினார். காரணம், பில் அட்வைஸே பண்ணவில்லை. தன் கதையைச் சொன்னார். 'உங்களைத் திருத்த வரலை. உங்ககிட்ட பேசலைன்னா நான் குடிச்சிடுவேன்' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதுவரை பாப்புக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாம் கரையில் நின்றவர்கள். இவர் தண்ணீரில் கூட நிற்பவர்.

உடனே எல்லாம் சுபமா? அதுவும் இல்லை. சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன பாப், அங்கே மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தார். அதன் பிறகு, 1935 ஜூன் 10 அன்று குடித்ததுதான் கடைசி. 1950-ல் இறக்கும்வரை மறுபடி தொடவில்லை. அந்த ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற ஏஏ அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

12 படிகள்... ஒரு பழைய ரூட்

1939-ல் வெளியான ஏஏ புத்தகத்தில் உள்ள 12 படிகளைப் பாருங்கள். 'என்னால் முடியவில்லை' என்று ஒப்புக்கொள்வது, தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் பொறுப்பை விடுவது, தன் தப்புகளைப் பட்டியல் போட்டு இன்னொரு மனுஷரிடம் வாய்விட்டுச் சொல்வது, நஷ்டப்படுத்தியவர்களுக்கு ஈடு செய்வது, கடைசியாக, இன்னொருவருக்குக் கை கொடுப்பது. பாவ அறிக்கை, மனமாற்றம், பரிகாரம், சேவை என்று சர்ச்சில் காலங்காலமாக இருந்த அதே ரூட்தான்! இதில் பெரும்பகுதி, லூத்தரன் போதகர் ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பிலிருந்தும், நியூயார்க்கின் சாம் ஷூமேக்கர் என்ற எபிஸ்கோபல் போதகரிடமிருந்தும் பில் கற்றுக்கொண்டது.

ஆனால், ஆரம்பக்கால உறுப்பினர்களில் நாத்திகர்களும் இருந்தார்கள். 'எந்தக் கடவுள்?' என்று சண்டை வந்தது. அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று வாசகத்தை விரித்தார்கள். கதவு எல்லோருக்கும் திறந்தது. இன்று ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கட்டணம் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது, முழுப்பெயர்கூடக் கேட்கமாட்டார்கள். சென்னை உட்படத் தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

'இதெல்லாம் நம்பிக்கை சார், ஆதாரம் இருக்கா?' என்று கேட்கும் சயின்ஸ் குரூப்புக்கு... 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, அதில் பங்கேற்ற 10,565 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. முழுசாகக் குடியை நிறுத்துவதில், ஏஏ கூட்டங்களில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல. பல இடங்களில் ஒருபடி மேல் என்பது முடிவு. அதற்காக இது ஒன்றுதான் வழி என்று அர்த்தமில்லை. ஆனால், இது வெறும் பஜனை இல்லை!

பூ வைக்கிற ரூமில் ஒரு பேஷண்ட்

ஆக்ரனிலேயே இன்னொரு ஹீரோயின் இருக்கிறார். சிஸ்டர் இக்னேஷியா. செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் பார்த்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி. அதற்கு முன்பு மியூசிக் டீச்சராக இருந்து, மனமும் உடம்பும் நொறுங்கிப்போய் மீண்டு வந்தவர். உடைந்துபோவது என்றால் என்ன என்று தெரிந்தவர்.

அந்தக் காலத்தில் குடிநோயாளிகளை ஆஸ்பத்திரிகள் சேர்க்க விரும்புவதில்லை. 1939-ல் டாக்டர் பாப் ஒரு குடிநோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, சிஸ்டர் செய்த வேலை என்ன தெரியுமா? 'இரைப்பை அழற்சி' என்று எழுதி அட்மிட் செய்தார்! தனி இடம் வேண்டும் என்றதும், நோயாளிகளுக்கு வரும் பூங்கொத்துகளைச் சரிசெய்து வைக்கிற சின்ன ரூமில் கட்டிலைப் போட்டார். அங்கே ஆரம்பித்த சேவையில் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சை பெற்றார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒவ்வொருவர் கையிலும் திருஇருதயப் படம் போட்ட சின்ன பேட்ஜ் ஒன்றைக் கொடுப்பார். ஒரே கண்டிஷன்... மறுபடி குடிக்கணும்னு தோணினால், முதல் கிளாஸுக்கு முன்னாடி நேரில் வந்து இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடணும்! யோசித்துப் பாருங்கள். 'குடிக்காதே' என்று சொல்லவில்லை. குடிப்பதற்கு முன் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்க்க வைத்தார். பாருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அந்த ஒரு பஸ் பயண தூரம் போதும், பல பேர் மனசு மாற!

டப்ளின் தொழிலாளியின் காலி பாக்கெட்

அமெரிக்காவுக்கு முன்பே, அயர்லாந்தில் ஒருவர் தனி ஆளாக இந்தப் போரை நடத்தியிருக்கிறார். மாட் டால்பட். 1856-ல் டப்ளினில் பிறந்தவர். 12 வயசிலேயே மது வியாபாரியிடம் வேலை. டீன் ஏஜ் தாண்டுவதற்குள் முழுநேரக் குடிகாரர். வாரக்கூலி மொத்தமும் பாருக்கு. குடிக்கக் காசு இல்லாத ஒருநாள், தெருவில் ஃபிடில் வாசித்துப் பிழைக்கும் ஒருவரின் ஃபிடிலையே நண்பர்களோடு சேர்ந்து திருடி விற்றுக் குடித்தார்.

1884-ல் ஒருநாள். கையில் சல்லிக்காசு இல்லை. வேலை முடிந்து வரும் நண்பர்கள் ஒரு ரவுண்டு வாங்கித் தருவார்கள் என்று பார் வாசலில் நிற்கிறார். எத்தனை நாள் அவர் வாங்கிக் கொடுத்திருப்பார்! ஒருவரும் கண்டுகொள்ளாமல் கடந்து போனார்கள். வீட்டுக்குத் திரும்பி, இனி குடிக்கமாட்டேன் என்று சபதம் எடுக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னார். காப்பாற்ற முடிந்தால் மட்டும் எடு என்பது அம்மாவின் பதில்.

அவர் எடுத்த சபதம் எவ்வளவு காலத்துக்கு? ஆயுள் முழுக்கவா? இல்லை. வெறும் 3 மாதம்! அது முடிந்ததும் இன்னும் கொஞ்சம் நீட்டித்தார். அதன் பிறகுதான் ஆயுளுக்கும். 28 வயசில் நிறுத்தியவர், 1925-ல் 69 வயசில், சர்ச்சுக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை 40 வருஷத்துக்கு மேல் தொடவே இல்லை. இடையில் பார் வாசல் இழுத்தபோது, பாக்கெட்டில் காசு வைத்துக்கொண்டு நடப்பதையே நிறுத்திவிட்டார் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். சூப்பர் டெக்னிக்! மன உறுதியை மட்டும் நம்பவில்லை, வழியையே அடைத்தார்.

அந்த ஃபிடில்காரரை மறக்கவும் இல்லை. ஊரெல்லாம் தேடினார், கிடைக்கவில்லை. ஃபிடிலுக்கான பணத்தை, அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி சர்ச்சில் கொடுத்தார். பைபிளில் சகேயு என்ற வரி வசூலிப்பவர், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நிற்பாரே... அதே லாஜிக். குடியை நிறுத்துவது பாதி வேலை. அக்காவின் கொலுசை அடகு வைத்ததும், ரூம்மேட்டின் பர்ஸில் கை வைத்ததும், அப்பாவிடம் பரீட்சை ஃபீஸ் என்று பொய் சொன்னதும் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தலை மறக்கத்தான் அடுத்த கிளாஸ்! கணக்கைத் தீர்த்தால்தான் காரணம் தீரும்.

1975-ல் போப் ஆறாம் பால் இவருக்கு 'வணக்கத்துக்குரியவர்' என்ற நிலையை அளித்தார். டப்ளினில் லிஃபி ஆற்றுப் பாலத்துக்கு ஒரு கூலித் தொழிலாளியின் பெயர். நம்பமுடிகிறதா?

ஜெபம் மட்டும் போதுமா பாஸ்?

போதாது. இதை அழுத்தி அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாக அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை ரூமில் பூட்டிவைத்து ஜெபம் பண்ணுவதோ, மந்திரிப்பதோ, 'குடியை மறக்கடிக்கும்' பொடியை சாப்பாட்டில் கலப்பதோ... ப்ளீஸ், வேண்டவே வேண்டாம். முதலில் டாக்டர்.

டாக்டர் பாப்பும் சிஸ்டர் இக்னேஷியாவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தானே ஆரம்பித்தார்கள்? நம் நாட்டில், மும்பை பாதிரியார் ஜோ பெரேரா 1981-ல் ஆரம்பித்த 'கிருபா ஃபவுண்டேஷன்' நல்ல உதாரணம். பாதிரியாராக இருந்தபடியே குடிக்கு அடிமையாகி மீண்டவர் அவர். 12 படிகளோடு, குரு பி.கே.எஸ்.ஐயங்காரிடம் கற்ற யோகாவையும் சேர்த்து சிகிச்சை. 2009-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அங்கியைப் போட்டிருப்பவருக்கும் இந்த நோய் வரும் என்று அவரே சாட்சி. சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் இப்படி வலியிலிருந்து முளைத்ததுதான். மதம் எதுவானாலும் மருந்து மருந்துதான்.

இன்னொரு உண்மையும் உண்டு. மீண்டவர்கள் எல்லாம் உடனே புனிதர்கள் ஆகிவிடுவதில்லை. குடியை வென்ற பில் வில்சன் சிகரெட்டை விட முடியாமல், நுரையீரல் நோயில் 1971-ல் இறந்தார். பில்லுக்கு முதன்முதலில் நம்பிக்கைச் செய்தி கொண்டுவந்த நண்பர் எபி தாச்சர், அதன்பிறகு திரும்பத் திரும்பக் குடியில் விழுந்தார். பில் அவரைக் கடைசிவரை கைவிடவில்லை. 1966-ல் இறந்தபோது எபி குடிக்காமல்தான் இருந்தார். மறுபடி விழுவது கதையின் முடிவல்ல. ஓடிப்போன மகன் திரும்பி வரும் பைபிள் கதையில், அந்த அப்பா மகனிடம் எவ்வளவு செலவழித்தாய் என்று கணக்குக் கேட்கவில்லை. தூரத்தில் பார்த்ததுமே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அதைத்தான் கிறிஸ்தவர்கள் 'கிருபை' என்கிறார்கள்.

நீங்க என்ன செய்யலாம்?

லாசரு கதை தெரியுமா? செத்து நாலு நாள் ஆனவரை இயேசு கல்லறையிலிருந்து கூப்பிடுகிறார். லாசரு வெளியே வந்துவிடுகிறார். ஆனால், கையிலும் காலிலும் சுற்றிய துணி அப்படியே இருக்கிறது. அதை அவிழ்த்துவிடும் வேலையை இயேசு யாரிடம் கொடுத்தார்? சுற்றி நின்றவர்களிடம்! உயிர் கொடுப்பது கடவுள் வேலை என்றால், கட்டை அவிழ்ப்பது நம் வேலை.

உங்கள் ஃப்ரெண்ட் மாட்டிக்கொண்டிருந்தால்... போதையில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள்; காலையில், தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். 'நீ குடிகாரன்' என்று முத்திரை குத்தாதீர்கள்; 'போன வாரம் பைக்கிலேர்ந்து விழுந்தே, எனக்குப் பயமா இருக்கு' என்று நடந்ததைச் சொல்லுங்கள். கடன் கொடுக்காதீர்கள். ப்ராக்ஸி போட்டு, வீட்டுக்குப் பொய் சொல்லிக் காப்பாற்றாதீர்கள். அது அவிழ்ப்பது இல்லை, இன்னொரு சுற்று சுற்றுவது! டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள். வாசல்வரை இல்லை, உள்ளேவரை.

மாட்டிக்கொண்டது நீங்களே என்றால்... ஆயுளுக்கும் சபதமெல்லாம் இன்று வேண்டாம். பாலைவனத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா அந்தந்த நாளுக்கு மட்டும்தான். நாளைக்கென்று எடுத்துவைத்தது புழு வைத்துப்போனது. தைரியமும் அப்படித்தான். இன்னிக்கு மட்டும் வேணாம். நாளைக்கு வேண்டியது நாளைக்குக் கிடைக்கும். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே இலவசம்.

எருசலேமில், பெதஸ்தா குளத்தங்கரையில் 38 வருஷமாகப் படுத்துக்கிடந்த ஒருவரைப் பற்றி யோவான் எழுதுகிறார். அவரைப் பார்த்த இயேசு, 'எப்படி இப்படி ஆனே? யார் காரணம்?' என்றெல்லாம் விசாரிக்கவில்லை. குணமாக விருப்பமா என்றுதான் முதலில் கேட்டார். அந்த மனுஷரோ ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைத் தூக்கிக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லையே என்று புலம்பினார். 38 வருஷம்... ஒரே ஓர் ஆள் இல்லை!

உங்க ஹாஸ்டலில், உங்க ஃப்ளோரில், அப்படிப் படுத்துக்கிடப்பவர் யார்? அவருக்கு ஓர் ஆள் இருக்கிறாரா?